திட்டத்தை எழுதியவர்

2 ஜூன், திங்கள்

இன்று காலை ஆணை கையில் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஆதரவு இயக்குநராக என்னை நியமித்திருக்கிறார்கள். வேதியியல் துறைப் பேராசிரியர் பொறுப்பும் தொடரும். ஐம்பத்தேழு வயதில் புதிதாக ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகை.

வேலை இதுதான். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு மூன்று மாவட்டங்களில் பதினொரு உறுப்புக் கல்லூரிகள். ஒரு கல்லூரியில் நல்ல கருவி உறை போட்டு மூடிக் கிடக்கும். அதே கருவிக்காக இன்னொரு கல்லூரி மாணவர் மதுரைக்குப் பஸ் ஏறுவார். எந்த நெறியாளரிடம் இடம் இருக்கிறது, எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல ஆளில்லை. பதினொன்றையும் ஒரே வலையாகப் பின்னி, ஒவ்வொன்றிலும் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்து நடத்தலாம் என்று இரண்டு வருடம் முன்பு ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து திட்ட முன்மொழிவு எழுதினேன். தில்லியில் அதை ஏற்று ஐந்து வருடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

பதிவாளர் அருளானந்தம் கை குலுக்கினார். "மேடம், ஜூலை எட்டாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள பதினோரு பேரையும் போட்டு, வேலை ஆரம்பிச்ச மாதிரி காட்டிரணும்" என்றார். காட்டுவது என்ன, ஆரம்பித்தே விடலாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஒன்றை விடாமல் கழற்றிப் பார்க்கிறார். "நல்லது தெய்வா" என்றார். பிறகு, "முத்துக்கனிகிட்ட சொல்லிட்டியா?" என்றார். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

5 ஜூன், வியாழன்

ஒருங்கிணைப்பாளர் பட்டியல் தயார். அலுவலகக் கண்காணிப்பாளர் நாகூர்மீரான் பணிமூப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியாகப் படித்தார். நான் பெயரில் வட்டம் போட்டேன். கூத்தங்குளம் கல்லூரி வந்ததும் நிறுத்தினார்.

"இங்க முதல்வர் ராஜாமணி சார்தான் சீனியர். ஆனா அங்க ஆராய்ச்சி சம்பந்தமா எது கேட்டாலும் முத்துக்கனி மேடத்துக்குத்தான் போன் போடுவோம்."

"அவங்க கௌரவ விரிவுரையாளர் மீரான். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. பொறுப்புப் பதவி எப்படிக் குடுக்கறது?"

"அதுவும் சரிதான்" என்று அடுத்த கல்லூரிக்குப் போனார்.

முத்துக்கனி தாவரவியல். பதின்மூன்று வருடமாகக் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறாள். முனைவர் பட்டம் உண்டு, நல்ல கட்டுரைகள் உண்டு. கெட்டிக்காரி. முன்மொழிவு எழுதிய கோடையில் இங்கே வந்து தட்டச்சு செய்து கொடுத்தாள். ராஜாமணி பெயரில் வட்டம் போட்டேன்.

9 ஜூன், திங்கள்

இடது கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு இரண்டு வகுப்பு எடுத்தேன்.

12 ஜூன், வியாழன்

நேற்று முன்தினம் பதினொரு ஒருங்கிணைப்பாளர்களுக்கும் போன் செய்தேன். ஒருவர் தனி அறை உண்டா என்றார். ஒருவர் ஆணையில் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' விட்டுப்போனதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். இன்னொருவருக்குத் தன் கல்லூரியில் என்னென்ன கருவி இருக்கிறது என்றே தெரியவில்லை. "ஏதோ பெருசா ஒண்ணு மாடியில இருக்கு மேடம், ஏசி போட்டு வச்சிருக்காங்க" என்றார். ராஜாமணி போனை எடுக்கவில்லை.

சலித்துப்போய் முத்துக்கனியைக் கூப்பிட்டேன். மறுநாளே மின்னஞ்சலில் பட்டியல் வந்துவிட்டது. பதினொரு கல்லூரிகளிலும் மொத்தம் நாற்பத்து மூன்று கருவிகள். எது ஓடுகிறது, எது பழுது, யாருக்கு இயக்கத் தெரியும், அவர்களுடைய கைபேசி எண், எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பது வரை இருந்தது. இந்த மாதிரி வேலைகளில் அவளுக்கு வேகம் அதிகம்.

அதைப் பதினொரு பேருக்கும் என் அலுவலகத்திலிருந்து அனுப்பிவிட்டேன். முனைவர் விட்டுப்போனவர் 'மிக அருமையான தொகுப்பு மேடம்' என்று பதில் போட்டிருந்தார்.

17 ஜூன், செவ்வாய்

கூத்தங்குளம் போய் வந்தேன். வழி நெடுக ஆனிக் காற்று. காற்றாலைகள் எல்லாம் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றின. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டும் தலையெல்லாம் புழுதி.

ராஜாமணி தன் அறையில் தேநீர் கொடுத்தார். ஒருங்கிணைப்பாளர் ஆணை மேசையில் உறை பிரிக்காமல் கிடந்தது. "எல்லாம் நல்லபடியா பண்ணிருவோம் மேடம்" என்றார். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் மணியடித்து ஒரு பணியாளரைக் கூட அனுப்பினார். முதல்வர் கூட வரவில்லை.

ஆய்வகத்தில் முத்துக்கனி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மாணவிக்கு மாதிரிகளை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வேறு கல்லூரி. நெறியாளர் மாற்றலாகிப் போய்விட்டார், புதிய நெறியாளர் கையெழுத்துப் போடவில்லை, ஆய்வேட்டுக்குக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது என்று கண் கலங்கச் சொன்னாள். முத்துக்கனி அவளை உட்காரவைத்துவிட்டு என் முன்னாலேயே மூன்று பேருக்குப் போன் செய்தாள். யாரையும் கடிந்துகொள்ளவில்லை, கெஞ்சவுமில்லை. "சார், உங்ககிட்ட ஏழு பேர்தான் இருக்காங்க, எட்டாவது இடம் காலியா இருக்கு, நான் பாத்துட்டுத்தான் கூப்பிடறேன்" என்றாள் மூன்றாவது ஆளிடம். அவர் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

கிளம்பும்போது கார் வரைக்கும் வந்தாள்.

"மேடம், அந்த முன்மொழிவு அச்சாயிருச்சுல்ல. ஒரு பிரதி கிடைக்குமா? நான் இன்னும் பாக்கவே இல்ல."

"கண்டிப்பா அனுப்பறேன்மா."

வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். தட்டச்சு என்று முன்பு எழுதியிருக்கிறேன். புள்ளிவிவரங்களையும் அவள்தான் திரட்டினாள். ஒவ்வொரு கல்லூரியாகப் பஸ்ஸில் போய் எண்ணி எழுதிக்கொண்டு வந்தாள். அதைச் சொல்ல வேண்டும்.

18 ஜூன், புதன்

நகல் எடுக்கும் இயந்திரம் பழுது. முன்மொழிவை அனுப்ப முடியவில்லை.

24 ஜூன், செவ்வாய்

குழுவின் கேள்விகளுக்குத் தயாராக முன்மொழிவை முதலிலிருந்து படித்தேன். நாலாம் அத்தியாயம்தான் உயிர். கருவிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல், தொழில்நுட்பர்களைக் கல்லூரி கல்லூரியாகச் சுற்றிவரச் செய்வது. ஒருங்கிணைப்பாளர் பதவி பணிமூப்பில் போகாமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைமாறுவது, அதை அங்கே ஆய்வு செய்பவர்களே தேர்ந்தெடுப்பது. படிக்கப் படிக்க நன்றாக இருந்தது. சில இடங்களில் இதை எதற்காக எழுதினோம் என்று எனக்கே நினைவு வரவில்லை.

நான் இப்போது பணிமூப்புப்படிதான் ஆட்களைப் போட்டிருக்கிறேன் என்பதும் படித்தபோதுதான் உறைத்தது. முதல் வருடம் அப்படித்தான் தொடங்க முடியும்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன், நாலாம் அத்தியாயத்தின் முதல் வரைவு முத்துக்கனியுடையது, நான் மொழியைத் திருத்தினேன் என்று.

"நாலாம் அத்தியாயம் மட்டுமா?" என்றார். "அந்த மே மாசம் முழுக்க இந்தச் சாப்பாட்டு மேசையிலதானே உக்காந்து எழுதிட்டு இருந்துச்சு. நடுவுல நீ உங்க அக்கா மகன் கல்யாணத்துக்கு சேலம் போயிட்ட, பத்து நாள். நான்தான் மோர் கலக்கிக் குடுத்தேன். சம்பளம் இல்லாத மாசம்னு வேற சொல்லுச்சு."

கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. அது அரசு விதி. நான் என்ன செய்ய முடியும்?

ரசத்தில் இன்று உப்பு கூடிவிட்டது.

30 ஜூன், திங்கள்

பல்லுக்கு வேர்ச் சிகிச்சை முடிந்தது. மருத்துவர் நாள்பட்ட சொத்தை என்றார். எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டார்.

8 ஜூலை, செவ்வாய்

மதிப்பீட்டுக் குழு வந்து போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மூன்று பேர். தலைவர் பெங்களூரிலிருந்து வந்த வயதான பேராசிரியர், அதிகம் பேசாதவர். சிண்டிகேட் அரங்கில் துணைவேந்தர், பதிவாளர், பதினொரு ஒருங்கிணைப்பாளர்கள். கருவிப் பட்டியலைச் சரிபார்க்க உதவியாக இருக்கும் என்று முத்துக்கனியை வரச்சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் நாகூர்மீரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மயில்கழுத்துப் பச்சையில் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

முதல் அரைமணி நேரம் சுலபமாகப் போயிற்று. பிறகு தலைவர் நாலாம் அத்தியாயத்தைப் பிரித்தார். சுற்றிவரும் தொழில்நுட்பர் ஒருவருக்கு எதனால் நான்கு கல்லூரி என்று வைத்தீர்கள், ஐந்தோ மூன்றோ ஏன் இல்லை என்று கேட்டார். பயண வசதி என்றேன். அது மட்டுமா என்றார். நான் பக்கங்களைப் புரட்டினேன்.

நாகூர்மீரான் தண்ணீர்ப் பாட்டில் வைப்பதுபோல் வந்து ஒரு துண்டுச் சீட்டை என் கோப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார். முத்துக்கனியின் கையெழுத்து. 'நான்கு கல்லூரி என்றால் ஐந்தாவது நாள் பழுது பார்க்கக் கிடைக்கும். பக்கம் 58 அட்டவணை.' அதை அப்படியே சொன்னேன். தலைவர் அட்டவணையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

இதுவரை பார்த்த முன்மொழிவுகளில் கல்லூரிகளின் உள்ளே நடந்து பார்த்து எழுதிய ஒன்று இதுதான் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"குழுவாகச் செய்தோம்" என்றேன்.

குழுவில் யார் யார், படிவத்தில் ஒரு பெயர்தானே இருக்கிறது என்றார்.

துணைவேந்தர் என்னைப் பார்த்தார். நான் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை.

"எழுதியது பெரும்பாலும் நான்தான். சிலர் உதவினார்கள்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதிப்பீடு 'மிகச் சிறப்பு'. எல்லோரும் வாழ்த்தினார்கள். மதிய உணவு வரிசையில் முத்துக்கனியைத் தேடினேன். நாலரை பஸ்ஸுக்குத்தான் போவாள் என்று நினைத்தேன். ஒரு மணிக்கே கிளம்பிவிட்டாளாம். "சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னேன் மேடம், பசிக்கலன்னுட்டாங்க" என்றார் மீரான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

9 ஜூலை, புதன்

மூன்று செய்தித்தாள்களில் படம் வந்திருக்கிறது. வெட்டி வைக்கவில்லை.

14 ஜூலை, திங்கள்

நாகூர்மீரான் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். ராஜாமணி முத்துக்கனிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார். கல்லூரி நேரத்தில், எழுத்து மூலமான அனுமதியின்றி, வெளி வேலைகள் பார்த்ததாக. இந்த வருடத்துக்கான பணி நீட்டிப்புப் பட்டியல் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை. ஜூனிலிருந்து வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அன்னைக்கு அரங்குல அவங்க சீட்டு குடுத்தத ராஜாமணி சார் பாத்துட்டாரு மேடம். தன் கல்லூரியில தனக்குத் தெரியாம என்ன நடக்குதுன்னு கோபம்" என்றார் மீரான்.

வெளி வேலை என்பது என் வேலைதான். பதிவாளரிடம் போனேன். அருளானந்தம் சாந்தமாகக் கேட்டுவிட்டு, "எழுதாதீங்க மேடம். எழுதினா, ஆணை இல்லாம ஒருத்தர்கிட்ட ரெண்டு வருஷம் வேலை வாங்கினதா ஆகும். ஏன் வாங்கினீங்க, என்ன வாங்கினீங்கன்னு கேப்பாங்க. இந்தப் பதவி உறுதியாகப் போற நேரம்" என்றார்.

எழுதாமல் இருக்க முடியுமா? ராஜாமணிக்கு எழுதினேன். 'முனைவர் முத்துக்கனி இவ்வலுவலகத்துக்கு அவ்வப்போது சிறு உதவிகள் செய்துவந்துள்ளார். அன்னாரது நீட்டிப்பைப் பரிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.' நான்கு முறை திருத்தினேன். மனதுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

16 ஜூலை, புதன்

முத்துக்கனி போன் செய்தாள்.

"மேடம், உங்க கடிதத்த முதல்வர் எனக்குப் படிச்சுக் காட்டினாரு. 'சிறு உதவிகள்'னு எழுதியிருக்கீங்க."

"உனக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னுதான்மா அப்படி..."

"சிறு உதவிக்கா இத்தனை நாள் போனப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? வகுப்பு ஒண்ணு விட்டதில்ல மேடம். பதிமூணு வருஷத்துல ஒண்ணு விட்டதில்ல. இப்ப உங்க கடிதத்த வச்சுத்தான் என்னைய வேலைய விட்டு எடுக்கறாங்க."

நான் ஏதோ சொன்னேன். பேசிப் பார்க்கிறேன், கவலைப்படாதே என்று.

"பேர் போடுங்கன்னு நான் கேட்டதே இல்லை. வேலை நடக்கட்டும்னுதான் இருந்தேன். ஆனா அன்னைக்கு அவரு நேராக் கேட்டாருல்ல மேடம்? 'எழுதியது யாரு'ன்னு கேட்டாருல்ல? என் பக்கத்துல இருந்த மீரான் சார் கூட என்னைத் திரும்பிப் பாத்தாரு. நீங்க பாக்கல."

அழவில்லை. குரல் உயரவில்லை. "வச்சிர்றேன் மேடம், அடுத்த மணி வகுப்பு இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

17 ஜூலை, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

21 ஜூலை, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய மின்னஞ்சல்களைப் பார்த்தேன். முத்துக்கனியிடமிருந்து முதல் வரைவு வந்தது மே நான்காம் தேதி. கடைசி வரைவு மே இருபத்தொன்பது. மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றையும் திறந்து, அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன்.

ஏழு அத்தியாயம். ஏழும் முத்துக்கனி எழுதியவை.

நான் செய்தது என்ன என்றும் எழுதிப் பார்த்தேன். தலைப்பு. முன்னுரை இரண்டு பக்கம். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி. பதினொரு முதல்வர்களிடம் கையெழுத்து. தில்லிக்கு மூன்று முறை பயணம். அதுவும் வேலைதான், அது இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் குழுத் தலைவர் கேட்டது எழுதியது யார் என்று.

விண்ணப்பப் படிவத்தில் முதன்மை ஆய்வாளருக்குக் கீழே 'இணை ஆய்வாளர்' என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று நிரப்பியிருக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் பெயரைச் சேர்க்க விதி இடம் தராது என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 'எந்தப் பணிநிலையில் உள்ளவரும் இணை ஆய்வாளராகலாம்' என்று இருக்கிறது.

புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதுகிறேன். இந்த வரியை அன்றே படித்தேன். படித்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதினேன். ஒரே பெயராக இருந்தால் கனம் இருக்கும், இயக்குநர் பதவி வந்தால் கேள்வி இல்லாமல் வரும் என்று நினைத்தேன். முத்துக்கனி கேட்கமாட்டார் என்பதும் தெரியும்.

இவரிடம் சொன்னேன். தோட்டத்துக் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"நீயே சொல்லணும்னு இருந்தேன். அது என் தப்பு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

23 ஜூலை, புதன்

துணைவேந்தரைப் பார்த்தேன். பதிவாளரும் இருந்தார். மூன்று பக்கக் கடிதம், கூடவே பத்தொன்பது வரைவுகளின் அச்சு. தில்லிக்கு ஒரு பிரதி, மதிப்பீட்டுக் குழுத் தலைவருக்கு ஒரு பிரதி.

துணைவேந்தர் பொறுமையாகப் படித்தார். "இப்ப எதுக்கு மேடம் இது?" என்றார். "திட்டம் நல்லாப் போயிட்டிருக்கு. அடுத்த ஆண்டறிக்கையில அவங்க பேரச் சேத்துருவோம். நன்றின்னு தனியா ஒரு பக்கமே போடுவோம்."

"நன்றி சொல்ற விஷயம் இல்ல சார். அவங்க எழுதினது. குழு என்கிட்ட கேட்டப்ப நான் பொய் சொன்னேன்."

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அருளானந்தம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தில்லிக்கு இது போனா, விசாரணை முடியற வரைக்கும் உங்கள இயக்குநரா வச்சிருக்க முடியாது. யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அவங்க நீட்டிப்ப மட்டும் இதோட சேத்துப் பாக்காதீங்க சார். அது இன்னைக்கே நடக்கணும். அவங்க பாத்தது வெளி வேலை இல்ல, பல்கலைக்கழக வேலை. வாங்கினவ நான். அதுக்கும் தனியா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

துணைவேந்தர் கூத்தங்குளத்துக்குத் தொலைபேசியைப் போடச் சொன்னார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். துணிச்சலாக ஏதோ செய்துவிட்டது போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முன்மொழிவின் அச்சுப் பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் முத்துக்கனிக்கு அனுப்பினேன், கடிதத்தின் நகலோடு.

28 ஜூலை, திங்கள்

விடுவிப்பு ஆணை வந்தது. பொறுப்பு பதிவாளருக்கு. வேதியியல் துறையில் என் பழைய அறையில் இப்போது இரண்டு பேர் உட்காருகிறார்கள், மூன்றாவதாக ஒரு மேசை போட்டுக்கொண்டேன். நாகூர்மீரான் என் புத்தகங்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் அனுப்பியிருக்கலாம். "எனக்கு வேற வேலை இல்ல மேடம்" என்றார்.

ஆசிரியர் ஓய்வறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஏதோ வேலையாக வந்திருந்த முனைவர் விட்டுப்போனவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று வினைவேகப் பாடம் தொடங்கினேன்.

31 ஜூலை, வியாழன்

முத்துக்கனியின் நீட்டிப்பு ஆணை போய்விட்டது என்று மீரான் சொன்னார். குறிப்பாணையையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். முத்துக்கனியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

கூப்பிடலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"எதுக்கு? சரியாப் போச்சான்னு கேக்கவா, நன்றி வாங்கவா?"

கூப்பிடவில்லை.

6 ஆகஸ்ட், புதன்

தில்லியிலிருந்து பதில். முனைவர் முத்துக்கனியை இணை ஆய்வாளராகவும் முன்மொழிவின் முதல் ஆசிரியராகவும் பதிவு செய்திருக்கிறார்கள். என் மீதான கேள்விகளுக்குத் தனியாக எழுதுவார்களாம். திட்டம் நிற்கவில்லை. அந்தப் பயம் கடைசி வரைக்கும் இருந்தது.

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்று மூன்று மணி வாக்கில் முத்துக்கனி துறைக்கு வந்தார். காற்றில் தலை கலைந்திருந்தது. கையில் முன்மொழிவின் அச்சுப் பிரதி, பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகள். எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. அவரும் நின்றபடியே இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கடிதம் படிச்சேன் மேடம்" என்றார். அதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. எங்க கல்லூரியில ஆய்வாளர் எண்ணிக்கை அறுபத்தி நாலுன்னு போட்டிருக்கேன். நாப்பத்தி ஏழுதான். பதினேழு பேருக்கு அந்த வருஷம் நெறியாளர் மாறினாங்க, அவங்கள ரெண்டு கல்லூரியிலயும் எண்ணிட்டேன். இப்பப் படிக்கறப்பதான் பாத்தேன்."

நான் அட்டவணையைப் பார்த்தேன். ஆய்வாளர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கும் கல்லூரிக்குத்தான் நிரந்தரமாக ஒரு தொழில்நுட்பர். திருத்தினால் கூத்தங்குளத்துக்கு அந்த இடம் போய்விடும்.

"யாரும் கவனிக்கல முத்துக்கனி. குழுவே கவனிக்கல. உங்க கல்லூரிக்குத்தானே நஷ்டம்?"

"தெரியும் மேடம். ராஜாமணி சார் என்ன சொல்லப் போறாருன்னும் தெரியும்." கொஞ்சம் சிரித்தார். "என் பேரு இல்லாத வரைக்கும் இது உங்க தப்பா இருந்துச்சு. இப்ப என் தப்பு. திருத்தாம எப்படி விடறது?"

இருவருமாக உட்கார்ந்து தில்லிக்குத் திருத்தக் கடிதம் எழுதினோம். துறைப் பணியாளர் தேநீர் கொண்டுவந்தார். ஆறிப்போயிற்று. புதிய எண்களை முத்துக்கனி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை கூட்டச் சொன்னார். எனக்கும் நாற்பத்தேழுதான் வந்தது.

'தவறுதலாக இடம்பெற்றுவிட்டது' என்று நான் ஆரம்பித்திருந்தேன். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'என் தவறால் இடம்பெற்றது' என்று எழுதினார்.

"'எங்கள் தவறால்'னு போடுங்க" என்றேன்.

"நீங்க எண்ணலையே மேடம்."

"எண்ணாம கையெழுத்துப் போட்டேன்ல. அதுவும் தப்புதான்."

முத்துக்கனி பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அன்று அரங்கில் நான் திரும்பிப் பார்க்காத அந்தக் கண்களை இன்று என்னால் முடிந்தவரை பார்த்தேன். வெளியே மரங்கள் இரைந்தன. நாலரை பஸ்ஸின் ஹாரன் சத்தம் வாசலில் கேட்டுத் தேய்ந்து போனது. அவர் அவசரப்படவில்லை.

பிறகு குனிந்து, 'என்' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் 'எங்கள்' என்று எழுதினார்.